வருஷத்துக்கு ஒரு சாண்

நான் ஒழுக்கமானவன். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

எங்கள் பக்கத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்புகிறவன் முளைக்குச்சிகளைப் பிடுங்கி, குழிகளில் மண்ணைப் போட்டு, குதிகாலால் மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே யாரும் இருந்ததே இல்லை என்று நிலம் சத்தியம் செய்ய வேண்டும். அப்படி மூடாமல் போகிறவனைப் பற்றி அவன் பேரன் காலம்வரை பேசுவார்கள்.

ஆகஸ்ட் நடுவில் ஒருநாள், இலையுதிர்கால மேய்ச்சலுக்கு இடம் பிடிப்பதற்காக, அண்ணனுக்கும் மந்தைக்கும் ஒருநாள் முன்னதாகவே லாரியை ஓட்டிக்கொண்டு ஷர்தால் வெளிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே அழகான ஒரு காளான் வளையம், வருஷா வருஷம் காளான் வட்டமாய் முளைக்கிற இடம். சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்க, அது மட்டும் கரும்பச்சையாய், யாரோ பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்த தடம் மாதிரி வட்டமாய்க் கிடந்தது. அதன் விளிம்பெல்லாம் முளைக்குச்சிகள். எண்ணினேன். நாற்பத்திரண்டு.

எவனோ குதிரைக்குட்டிகளைக் கட்ட அடித்துவிட்டு அப்படியே போட்டுப் போயிருக்கிறான்… அதுவும் காளான் வளையத்தின்மேல். வரிசைகூட நேராக இல்லை, வளைந்து வளைந்து போனது. குடித்துவிட்டு அடித்திருப்பான். தலையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சாயம் வேறு. ரசனையுள்ள குடிகாரன்.

ஒன்றரை மணி நேரம் வேலை செய்தேன். பிடுங்கினேன், மூடினேன், மிதித்தேன். தடம் தெரியக்கூடாது என்று மேலே புல்லைக்கூடத் தூவினேன். அப்புறம் ஆசை வந்தது. மரமே இல்லாத வெளியில், காய்ந்த சாணத்தை எரித்தே வளர்ந்தவன் நான். நன்றாகக் காய்ந்த ஊசியிலைக் கட்டைகள் நாற்பத்திரண்டு சும்மா கிடைத்தால் என்ன செய்வேன்? கூடாரத்தை நிறுத்தி, அடுப்பை மூட்டி, முதல் தவணையாகப் பதினொன்றை உள்ளே தள்ளி, தேநீர் வைத்தேன்.

அப்போது மழை பிடித்தது. மழைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். கதவுக்கு வெளியே, எங்கள் பக்கத்து வழக்கப்படி, ஒரு பெண் குரல்.

“நாயைப் பிடிங்க…”

“நாய் நாளைக்குத்தான் வருது. இன்னிக்கு நான் மட்டுந்தான். கடிக்கமாட்டேன், உள்ள வாங்க.”

வாசற்படியை மிதிக்காமல் வலது காலை வைத்து உள்ளே வந்தாள். நனைந்த தொப்பியைக் கழற்றினாள். இமை நுனியில் இரண்டு மூன்று துளிகள் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே கண்கள்… கொக்குகள் இறங்கப்போகிற ஏரி, அவை இறங்குவதற்கு முந்தைய நிமிஷம் ஒரு மாதிரி அசையாமல் இருக்குமே, அப்படி. நான் கரண்டியைத் தேநீர்ப் பானைக்கு வெளியே விட்டுக் கிளறிக்கொண்டிருந்ததை இரண்டு சுற்றுக்கு அப்புறம்தான் கவனித்தேன்.

“கோடை நல்லாக் கழிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“நல்லாக் கழிஞ்சுது. உங்களுக்கு?”

“நல்லாக் கழிஞ்சுது.”

அது எங்கள் வழக்கம். மந்தையே செத்திருந்தாலும் முதல் பதில் ‘நல்லாக் கழிஞ்சுது’தான். நடந்தது என்ன என்பது இரண்டாவது கிண்ணத் தேநீருக்கு அப்புறம் வரும். அவள் இரண்டாவது கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக் கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு நுனி துருத்திக்கொண்டிருந்தது.

“விறகு நல்லா எரியுது.”

“ஊசியிலைக் கட்டை. காய்ஞ்சது.”

“எங்க கிடைச்சுது?”

“இங்கதான். எவனோ ஒரு ஒழுக்கங்கெட்டவன் அடிச்சுட்டு அப்படியே போயிருக்கான். வளையத்துமேல போய்க் குட்டி கட்டியிருக்கான் பாருங்களேன். நான்தான் எல்லாத்தையும் பிடுங்கி…”

“குழியை?”

“மூடிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடலை. இப்ப நீங்க போய்த் தேடினாலும் தெரியாது.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். குரல் உயரவே இல்லை.

“அந்த ஒழுக்கங்கெட்டவ நான்தான்.”

*

அவள் பெயர் துல்மா. நகரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. பிறந்தது பக்கத்து மாவட்டத்தில், எங்களைப் போலவே மந்தைக்காரர் வீட்டில். அவள் படித்தது காளான். அதிலும் இந்த வெள்ளைக் காளான், எங்கள் புல்வெளியை விட்டால் வேறெங்கும் அதிகம் வராத இது. இங்கேயும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த முளைக்குச்சிகள் வளையத்தின் விளிம்பு எங்கே இருந்தது என்பதற்கு அவள் வைத்த அடையாளம். சிவப்பு முதல் வருஷம், மஞ்சள் இரண்டாவது, நீலம் இந்த வருஷம்.

மூன்று வருஷத்தைத்தான் ஒன்றரை மணி நேரத்தில் பிடுங்கியிருந்தேன். அதில் கொஞ்சத்தை அவளே குடித்தும் விட்டாள்.

மறுநாள் காலை, மீதியிருந்த முப்பத்தொன்றையும், லாரியின் பக்கப்பலகையை உடைத்து நான் செதுக்கிய பதினொன்றையும் எடுத்துக்கொண்டு போனோம். அவள் நோட்டில் அளவுகள் இருந்தன. நடுவில் ஒரு கல், கல்லிலிருந்து கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கும் பதவி எனக்கு.

“இழுத்துப் பிடிங்க. மேகத்தைப் பாக்காதீங்க.”

“மேகத்தைப் பாக்கலை.”

“என்னையும் பாக்காதீங்க.”

“அப்ப எதைத்தான் பாக்கறது?”

“கயிறை.”

கயிற்றைப் பார்த்தேன். அதன் மறுமுனையில் அவள் இருந்தது என் குற்றமில்லை.

ஒரு முளையை அடித்துவிட்டு, மண்டியிட்டபடியே சொன்னாள். “காளான் மேல தலை காட்டறது பத்து நாளு. மிச்ச வருஷம் பூரா மண்ணுக்கடியில நூல் நூலாக் கிடக்கும். கிடக்கறது இல்ல… நடக்கும். வெளிப்பக்கமா, வட்டமா. வருஷத்துக்கு ஒரு சாண்.”

“என்னை மாதிரி. நிதானம்.”

“நீங்களா? மூணு வருஷத்தைச் சாப்பாட்டுக்கு முன்னாடி பிடுங்கினவர்.”

“குழியை மூடினதைச் சொல்லவே மாட்டேங்கிறீங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைய தினத்துக்கு அது எனக்குப் போதும்.

“ஒரு சாண்னு வச்சா, இந்த வளையத்துக்கு நூறு வயசுக்கு மேல,” என்றாள். “ஒருதடவை உழுதுட்டா முடிஞ்சுது. திரும்ப விதைச்சு வரவைக்க முடியாது. நூறு வருஷமா நடந்தது ஒரு மத்தியானத்துல நின்னுடும்.”

உழவு என்று அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் ஷர்தால் வெளியில் இரண்டாயிரம் ஹெக்டேரை உழுது எண்ணெய்க்கடுகு போடக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அதில் வெளியைக் காப்புநிலம் என்று அறிவிக்கலாம், இல்லையென்றால் டிராக்டருக்குக் கொடுக்கலாம்.

“அறிவிக்கணும்னா காரணம் வேணும். மூணு வருஷமா நாப்பத்தாறு கூடாரத்துல ஏறி இறங்கிக் கேட்டுட்டேன். எல்லாரும் தேநீர் குடுத்தாங்க, தயிர்க்கட்டி குடுத்தாங்க, ஒருத்தர் ஆட்டுத்தலைகூடக் குடுத்தார். காளான்னு கேட்டா மட்டும் ஒரே பதில். இந்த வருஷம் கண்ணுலயே படலை. பதிவேட்டுல இந்த வெளிக்கு மொத்தம் ஒரு வளையம். நான் பாத்தது இது ஒண்ணுதான். ஒரு வளையத்துக்காக யாராவது ரெண்டாயிரம் ஹெக்டேரை விடுவாங்களா?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஏரி.

“உங்களுக்குத் தெரிஞ்சு வேற எங்கயாவது இருக்கா?”

“இந்த வருஷம் கண்ணுல படலைங்க.”

நான் யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி தானாக வந்தது. எங்கள் பக்கத்தில் குதிரையைக் கடன் கொடுப்பார்கள், காளான் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். தங்கச்சி புருஷனுக்குச் சொல்ல மாட்டார்கள். லாமா கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு மேடு தாண்டி, எங்கள் குடும்பத்துக்கு ஏழு வளையங்கள் இருந்தன.

அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினாள். நாற்பத்தேழாவது கூடாரம்… இல்லை.

*

அன்று மாலை அண்ணன் தோர்லிக் மந்தையோடும், அண்ணியோடும், நாயோடும் வந்து சேர்ந்தார். அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது. பேச்சைவிட மூக்குப்பொடி அதிகம். பக்கத்தில் ஒரு பெண் தனியாகச் சின்னக் கூடாரம் போட்டிருக்கிறாள் என்றால் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியாது, அது முறையில்லை. கூப்பிட்டார். அண்ணி ஆட்டுச்சூப் வைத்தாள்.

அண்ணி சூப் வைத்தால் அதில் என்ன போடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தேன்.

துல்மா கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை. மூச்சை இழுத்தாள். பால் கொதிக்கிற வாசனையும், மழை பெய்த மண்ணின் வாசனையும் சேர்ந்த மாதிரி இருக்கும், அந்தக் காளானைத் தவிர வேறெதற்கும் அது வராது. கரண்டியில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது காய வச்சது இல்ல. நேத்து அறுத்தது,” என்றாள் மெதுவாக.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பொடிக்குப்பியைப் பார்த்தார்.

“கடையில வாங்கினது,” என்றார்.

“எந்தக் கடையிலண்ணே? பக்கத்துக் கடைக்கு அறுபது கிலோமீட்டர்,” என்றாள் துல்மா.

“அறுபது கிலோமீட்டர் போய்த்தான் வாங்கினது.”

துல்மா என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

“ஆமா… கடை,” என்றேன்.

அவள் சூப்பை முழுக்கக் குடித்தாள். அண்ணிக்கு நன்றி சொன்னாள். வெளியே நாய் இருக்கிறதே என்று அவளுக்குத் துணைக்குப் போகிற சாக்கில் நான் பின்னாலேயே போனேன். எங்கள் நாய் வாலை ஆட்டி என் சாக்கைக் கெடுத்தது.

“என் முளையை எரிச்சீங்க. அப்பகூட எனக்குக் கோவம் வரலை. தெரியாமப் பண்ணினது,” என்றாள். “இப்ப வருது.”

“துல்மா… அது எங்க குடும்பத்துல…”

“தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான். எங்க அப்பா எங்கிட்டயே சொல்லலை. ‘நீ படிக்கிற காளான் வேற, நான் பறிக்கிற காளான் வேற’ன்னாரு. எங்க பக்கம் உழுதது போன வருஷம்தான். இப்ப அப்பா கேக்காமயே கூட்டிட்டுப் போய்க் காட்டறாரு. இந்த இடத்துல ஒண்ணு இருந்துச்சும்மா, அந்த இடத்துல ஒண்ணு இருந்துச்சும்மான்னு…”

அவள் கண்ணில் இருந்தது மழையில்லை என்று எனக்குப் புரிந்தது. கூடாரத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

அண்ணனோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். எங்கள் வீட்டில் சண்டை என்றால் நான் பேசுவேன், அவர் சேணத்துக்கு எண்ணெய் பூசுவார்.

“உழுதுட்டா அப்புறம் என்னண்ணே ரகசியம்? கடுகுச் செடிக்கிட்ட காட்டாம வச்சுக்கப் போறியா?”

“உழமாட்டாங்க.”

“ஏன்?”

“கல்லு ஜாஸ்தி.”

“ஷர்தால்ல கல்லா? கல்லைத் தேடி நீயே குதிரை ஏறிப் போவியே.”

சேணத்துக்கு இன்னொரு கை எண்ணெய்.

கடைசியில் புதன்கிழமை வாயைத் திறந்தார். “அந்தப் பெரும்பனி வருஷம் உனக்கு மூணு வயசு. ஆடெல்லாம் நின்னபடியே செத்துச்சு. அடுத்த கோடையில நமக்குன்னு மிஞ்சினது ஒரு பசு. உனக்கு மாவு, உனக்குப் பூட்ஸு, எல்லாம் அந்தக் காளானை வித்துத்தான். அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இதை வெளிய சொல்லாதடான்னாரு. சொன்னா மறு வருஷம் இரும்புப் பல் வாரியோட வந்து மண்ணோட பேத்துட்டுப் போவானுங்க. சொல்லு, நான் என்ன பண்ண?”

எனக்கும் தெரியவில்லை. அண்ணி மட்டும் மாவைப் பிசைந்தபடி சொன்னாள். “எனக்கே கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சுத்தான் காட்டினார். அதுவும் கண்ணைக் கட்டி. நான் ஏறிப் போன குதிரைக்கு வழி தெரிஞ்சிருந்துச்சு, அதை மறந்துட்டார்.”

வியாழக்கிழமை காலை துல்மாவின் கூடாரத்துக்குப் போனேன். அவள் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “எங்களுக்கு…”

“சொல்லாதீங்க.”

“எதுன்னே தெரியாம…”

“தெரியும். எனக்காகச் சொல்லாதீங்க, கோம்போ. என் காதுல ரகசியமாச் சொன்னா அது பதிவாகாது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. அப்ப சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. முடியலைன்னா பரவாயில்லை… நான் அடுத்த வெளிக்குப் போய் நாப்பத்தெட்டாவது கூடாரத்துல இருந்து ஆரம்பிப்பேன்.”

வண்டியை உதைத்தாள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தாள். ஐந்தாவது உதையில் கிளம்பியது. இந்தப் பெண் எதையும் நான்கோடு விடுகிறவள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் என்னைப் பற்றி அவ்வளவு உறுதியாக எதுவும் சொல்லிக்கொள்ள முடியாமல் புழுதியில் நின்றேன்.

*

ஊர்க்கூட்டம் நடக்கிற மண்டபத்தில் எழுபத்தொன்பது பேர். எல்லாரும் நல்ல அங்கி போட்டு, வெள்ளிப் பொத்தான் மாட்டி வந்திருந்தார்கள். கடுகுக்காரர் மஞ்சள் தொப்பி போட்ட இனிமையான மனிதர். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். நன்றாகவே இருந்தது, அது வேறு எரிச்சல்.

துல்மா பேசினாள். ஒரு வளையத்தின் படம் காட்டினாள், அளவு சொன்னாள், நூறு வயது என்றாள். மஞ்சள் தொப்பி பணிவாக எழுந்து நின்றார்.

“தங்கச்சி சொன்னது ரொம்ப அழகா இருந்துச்சு. அந்த ஒரு வளையத்தை நாங்க வேலி போட்டு விட்டுடறோம். ஆனா மிச்ச நிலத்துல காளானே இல்லையே. இவங்க பதிவேடுதான் சொல்லுது. வேணும்னா இங்க இருக்கறவங்களையே கேளுங்க.”

ஊர்த்தலைவி சிம்கே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். “நியாயம்தான். ஷர்தால்ல வெள்ளைக் காளான் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க.”

எழுபத்தொன்பது பேரும் கூரையைப் பார்த்தோம். அந்தக் கூரையை அவ்வளவு பேர் அவ்வளவு அக்கறையாக அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. இந்த மண்டபத்தில் காளான் சூப் குடிக்காமல் வளர்ந்தவன் ஒருவன்கூட இல்லை. எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சிம்கே பேனாவை எடுத்தாள். “யாரும் இல்லைன்னு எழுதிக்கவா?”

துல்மா முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவளுக்காகக் கை தூக்கியிருப்பேன். பார்க்காததால், நானாகவே தூக்க வேண்டியதாயிற்று. கை என்னவோ ஒரு செம்மறிக்கடா கனம் கனத்தது.

“கோம்போவா?” என்றாள் சிம்கே. “தண்ணி வேணுமா?”

“காளான் இருக்கு,” என்றேன். குரல் கிறீச்சிட்டது. திரும்பச் சொன்னேன். “ஷர்தால்ல, ரெட்டை மேட்டுக்கு அந்தப்பக்கம், எங்க குடும்பத்துக்கு ஏழு வளையம் இருக்கு. மூணு வருஷமா இவங்க கேட்டப்பல்லாம் நாம எல்லாரும் இல்லைன்னு சொன்னோம். நானும் சொன்னேன். பொய்.”

மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. பக்கத்தில் அண்ணன் எழுந்தார். அங்கியை இழுத்துச் சரிசெய்தார். அவர் முகம் சிவந்து, கழுத்தும் சிவந்து நான் பார்த்தது அன்றுதான். முடிந்தது என்று நினைத்தேன். இனி எனக்கு அண்ணன் இல்லை.

“இவன் பொய் சொல்றான்,” என்றார் தோர்லிக்.

மஞ்சள் தொப்பி புன்னகைத்தார்.

“ஏழு இல்ல. பன்னண்டு.” என்னைப் பார்த்தார். “அஞ்சு உனக்கே காட்டலை. நீ வாய் ஓட்டைன்னு அப்பவே தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி தங்களிடம் வருமோ என்ற பயத்தில்.

“அதுல பெரிய வளையத்துல,” அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார், “வருஷா வருஷம் முதல் காளான் வந்த இடத்துல ஒரு வெள்ளைக் கல்லு வைப்பேன். மறு வருஷம் தேடாம நேராப் போலாம்னு. சோம்பேறித்தனந்தான். முப்பத்தொரு கல்லு இருக்கு. வரிசையா, உள்ள இருந்து வெளிய. இந்தப் பொண்ணு சொன்னது சரிதான். கல்லுக்குக் கல்லு ஒரு சாண்.”

துல்மா எழுந்து நின்றுவிட்டாள். கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது, அதை அவள் எடுக்கவில்லை. மூன்று வருஷத்து முளைகளோடு வந்தவளுக்கு முப்பத்தொரு வருஷத்துக் கற்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஆற்றங்கரை லுவ்சான். “பன்னண்டுக்கா இவ்வளவு அலட்டல்? எங்களுக்குப் பதினேழு.”

“உனக்கா? அதுல ஆறு எங்க அம்மா வழியில வந்தது,” என்றாள் அவர் மச்சினி.

அப்புறம் சிம்கேயால் எழுத முடியவில்லை. முப்பது வருஷமாய்ப் பெருமையை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தவர்கள், பூட்டு உடைந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பேசினார்கள். என் வளையம் அகலம், உன் வளையம் பாதி செத்தது, எங்கள் காளான் தொப்பி அளவு, உங்கள் காளான் பொத்தான் அளவு. சிம்கே மேசையைத் தட்டி, கடைசியாகத் தானும் சொன்னாள். “எனக்கு நாலு. எழுதிக்கறேன்.”

வாக்கெடுப்பில் காப்புநிலத்துக்கு எழுபத்தொரு கைகள். எதிர்த்து எட்டு. மஞ்சள் தொப்பி மிட்டாய்ப் பையை விட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

அண்ணன் மட்டும் சில நிபந்தனைகள் போட்டார். இடத்தின் பேர் பதிவேட்டில் வரக்கூடாது, எண் மட்டும். வாரி கூடாது. பிடுங்கக்கூடாது, கத்தியால் அறுக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் பாதியை விட்டுவிட வேண்டும். துல்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் அண்ணன் தன் பொடிக்குப்பியை வலது உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார். பெரிய மனிதர்களுக்கு மட்டும் அவர் நீட்டுவது.

*

அப்புறம் மூன்று வாரம், அவளையும் அளவுக் கயிற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனேன். லுவ்சான் தன் இடத்துக்குப் போகுமுன் என் கண்ணைக் கட்டச் சொன்னார். லாரியை ஓட்டுவது நான் என்று சொன்னதும் வெகுநேரம் யோசித்துவிட்டு, “பாதிக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டு,” என்றார். ஓட்டினேன். துல்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள். நான் பள்ளத்தில் விட்டேன். இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். அவள் கன்னத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்து… சொல்லாமல் விட்டேன். அழகாக இருந்தது.

நூற்றுப் பதினெட்டு வளையங்கள். கடைசி முளையை அடித்தபோது செப்டம்பர் பாதி. புல் மஞ்சளாகிவிட்டது. தெற்கே போகிற கொக்குகள் மேலே கத்திக்கொண்டு போயின. மறுநாள் அவள் நகரத்துக்குக் கிளம்புகிறாள்.

நான் கயிற்றைச் சுற்றினேன். சுற்றியதையே அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

“குளிர் சீக்கிரம் வந்துடும் போல,” என்றேன்.

“வந்துடும்.”

“நகரத்துல குளிர்காலத்துல புகை ஜாஸ்தியாமே.”

“ஜாஸ்திதான்.”

“இங்க புகையே இருக்காது.”

“எதை எரிக்கிறீங்கங்கறதைப் பொறுத்தது.”

பேச்சை நான் இன்னொரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். “அண்ணி உங்களை ரொம்பக் கேட்டாங்க. வசந்தத்துக்கு வருவாளான்னு. நாயும்…”

“நாயும் கேட்டுச்சா?”

“நாயும்தான்.”

அவள் நோட்டை மூடினாள். என் எதிரே வந்து நின்றாள். காற்று அவள் முடியைக் கண்ணுக்குக் குறுக்கே போட்டது, அதை ஒதுக்கவில்லை.

“கோம்போ… எழுபத்தொன்பது பேர் முன்னாடி கை தூக்கினவர்தானே நீங்க? இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். அண்ணியையும் நாயையும் விடுங்க. நீங்க என்ன கேக்கணுமோ அதை நேராக் கேளுங்க.”

என் வாயில் இருந்த அத்தனை வேடிக்கையும் அந்த நேரம் பார்த்துக் கிளம்பிப் போய்விட்டது. தொப்பியைக் கழற்றினேன்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்த மழையில இருந்து. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

“கட்டிக்கிறேன்,” என்றாள் துல்மா. “இந்த மாசம் முடியாது, அறிக்கை எழுதணும். அக்டோபர் பத்துக்கு மேல எங்க அப்பாவை வந்து பாருங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு அவர்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன்.”